பாடக்குறிப்பு எழுதும் மகளுக்கு

சயான், மும்பை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை உன் வாயால் கேட்டு நாளாகிறது. செம்பூர் சித்தி வந்திருந்தார். வேலையைப் பற்றி நீ அவரிடம் ஏதோ சொன்னதாக ஆரம்பித்தார், காபி ஆறுகிறது என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஆகவே அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆறாம் வகுப்புக்காகத் தயாரித்து எனக்கு நீ அனுப்பியிருந்த பின்னக் கூட்டல் பாடக்குறிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குறிப்பு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பி.எட். படித்த நாளில் உன் பாடக்குறிப்பேட்டைத்தான் பேராசிரியர் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டுவார் என்பதை அப்பா இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டங்களில் ஒன்றைக்கூட நீ காலியாக விடவில்லை. ஆனால் அத்தனை கட்டங்களிலும் நீ என்ன செய்வாய் என்பது இருக்கிறதே தவிர, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன செய்யும், எந்த இடத்தில் தடுமாறும் என்பது ஓரிடத்திலும் இல்லை. நோக்கம் என்ற கட்டத்தில் ‘மாணவர்கள் பின்னக் கூட்டலைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதியிருக்கிறாய். புரிந்துகொண்டார்களா என்பதை எதைக் கொண்டு தெரிந்துகொள்வாய்? ‘பகுதிகள் வேறுபட்ட இரண்டு பின்னங்களைக் கூட்டி, விடை ஏன் சரி என்பதைப் படம் வரைந்து காட்டுவர்’ என்று எழுதியிருந்தால், மணி அடிக்கும் நேரத்தில் நோட்டுகளைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம்.

1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. நான் கற்பித்த தாராவியிலும் இருந்தார்கள், நீ கற்பிக்கும் பெங்களூரிலும் இருப்பார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுவது அவர்களுக்கு முறையாகவே தெரிகிறது. இந்தப் பிழை வரும் என்று முந்தின நாளே எழுதி வைக்காத ஆசிரியர், அது வந்தவுடன் ‘தப்பு, மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடு’ என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். எழுதி வைத்தவரோ, விடையை அப்படியே பலகையில் வைத்துக்கொண்டு, 2/5 பெரிதா, அரை பெரிதா என்று கேட்பார். அரையோடு ஒன்றைச் சேர்த்த பிறகு கிடைப்பது அரையைவிடக் குறைந்துபோகுமா என்ற ஐயம் பிள்ளைக்குத் தானாக வர வேண்டும். அது வந்த பிறகுதான் மீ.சி.ம. என்ற வழி அதற்குத் தேவைப்படும்.

படத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது, அதை நீ கவனித்ததாகத் தெரியவில்லை. அரைக்கு இரண்டு கட்டம் வரைந்து ஒன்றைத் தீட்டி, மூன்றில் ஒன்றுக்கு மூன்று கட்டம் வரைந்து ஒன்றைத் தீட்டினால், மொத்தம் ஐந்து கட்டத்தில் இரண்டு தீட்டியிருக்கிறது என்று பிள்ளை தன் பிழையைப் படத்தாலேயே நிரூபித்துவிடும். அதனால் எல்லோருக்கும் ஒரே நீளத்தில், ஆறு கட்டங்கள் உள்ள காகிதப் பட்டைகளைக் கொடு. அரை என்றால் மூன்று கட்டம், மூன்றில் ஒன்று என்றால் இரண்டு கட்டம், ஆக ஆறில் ஐந்து. அடுத்த கணக்காக 1/4 + 1/6 வைத்துக்கொள். 24-ஐப் பகுதியாக எடுப்பவர்களுக்கு 10/24 வரும், 12-ஐ எடுப்பவர்களுக்கு 5/12 வரும், இரண்டும் ஒன்றுதானா என்று வகுப்பே வாதிடும். பாடநூலில் முதலில் இருக்கிறது என்பதற்காக ஒரு கணக்கை எடுக்காதே. முதலில் பிழையை எழுது, பிறகு அதற்கேற்ற கணக்கைத் தேடு.

இதையெல்லாம் நான் புதிதாகச் சொல்லவில்லை. ஜப்பானில் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்துப் பின்னர் கூடிப் பேசுகிறார்கள். பிள்ளைகள் என்னென்ன விடை சொல்லக்கூடும் என்பதும் அவர்கள் குறிப்பில் இருக்கும். பலகையின் எந்தப் பக்கத்தில் எது வரும் என்பதைக்கூட முன்கூட்டியே வரைந்து வைப்பார்கள். உன் குறிப்பில் பலகைக்கு இடமே இல்லை. அவ்வளவு அழகான எழுத்தை வைத்துக்கொண்டு எழுதியதை ஏன் உடனே அழிக்க வேண்டும்? தவறான விடை இடது ஓரத்தில் கடைசிவரை இருக்கட்டும்.

கேள்வி கேட்ட பின் காத்திருப்பதையும் எழுதி வை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுத்தார்கள்; மூன்று நொடி பொறுத்தபோது விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நீ சின்ன வயதிலிருந்தே அவசரக்காரி, குறிப்பின் ஓரத்தில் ‘பொறு’ என்று எழுதிக்கொள்.

நாற்பது நிமிடப் பாடவேளைக்கு நீ நாற்பது நிமிட வேலையை எழுதியிருக்கிறாய். வருகைப் பதிவு, நோட்டு எடுப்பது, தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பது எல்லாம் போக முப்பத்திரண்டு நிமிடம் மிஞ்சினால் நல்லது. நேரம் போதாவிட்டால் எதை விடுவது என்பதையும் இன்றே முடிவு செய்து அடிக்கோடிடு. இல்லாவிட்டால் கடைசியில் இருப்பதுதான் விடுபடும், கடைசியில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைகள் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டிய கணக்கு. அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கணக்கைப் போடச் சொல்லி வாங்கிக்கொள். ஆசிரியர் அறையில் அவற்றைச் சரி, பாதி, தவறு என்று மூன்றாகப் பிரித்தால், மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்பது தெரிந்துவிடும். வாரம் முழுவதற்கும் ஞாயிறன்றே எழுதி முடித்துவிட்டால் அந்தச் சீட்டுகளுக்கு வேலையே இல்லை.

ஜூலை மாதத்தில் இங்கே சந்தெல்லாம் தண்ணீர் தேங்கிப் பாதி வகுப்பு வராத நாள்களுக்கென்று என் டாச்சண் வஹியின், அதாவது பாடக்குறிப்பேட்டின், கடைசிப் பக்கங்களில் தனிக் குறிப்புகள் வைத்திருந்தேன். அன்றைக்குப் புதுப் பாடம் கிடையாது. கையெழுத்துப் போட வந்த அதிகாரிகள் தேதியைத்தான் பார்த்தார்கள், அந்தப் பக்கங்களைப் புரட்டியவர் யாரும் இல்லை. உன்னிடமும் பதிவேற்றுவதற்கென்று ஒன்று கேட்பார்கள், அதைச் சுருக்கமாகக் கொடுத்துவிடு. உனக்கென்று எழுதுவது அரைப் பக்கம் போதும். அதில் முதலில் பிழையை எழுது.

வாட்ஸ்அப்பில் நீ கடைசியாக வந்த நேரம் இரவு ஒன்றரை மணி என்று காட்டுகிறது. பார்த்தேன், அவ்வளவுதான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் என்று சொல்லும்போது தயாரிப்பு நேரத்தையும் அதற்குள்ளேயே சேர்த்துத்தான் சொல்கிறது. தயாரிப்பு என்பது தூக்கத்திலிருந்து எடுத்துத் தர வேண்டிய கொசுறு அன்று. வராத ஆசிரியருக்குப் பதிலாக உன்னையே தினமும் வகுப்புக்கு அனுப்பினால், தயாரிப்புக்கு ஒரு பாடவேளை வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேள். பள்ளியை மாற்றுவதைப் பற்றியோ, வேறு எதைப் பற்றியோ யோசிப்பதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து தசமம் வரும் என்று நினைக்கிறேன். 0.35 பெரிதா, 0.5 பெரிதா என்று கேட்டால், 35 ஐந்தைவிடப் பெரிது என்று சொல்லும் பிள்ளைகள் யார் யார் என்பதை முதலில் ஊகித்து எழுது. அவர்களிடம் என்ன கேட்பாய் என்பதை அடுத்த வரியில் எழுது. தட்டச்சு செய்ய வேண்டாம், கையால் எழுதி அந்த இரண்டு வரியை மட்டும் படமெடுத்து அனுப்பு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உத்யான் எக்ஸ்பிரஸில் வரும்போது பிள்ளைகளின் சீட்டுகளையும் எடுத்து வா. அப்பா சரியானவற்றை எண்ணட்டும், தவறானவற்றை நாம் இருவரும் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா