கானாடுகாத்தான் படைப்பு வீட்டுத் திருப்பணி: பங்காளிகளுக்கு நிறைவு அறிக்கை

சிவமயம்

பங்காளிகள் அனைவருக்கும் வணக்கம். முன்னோருக்குப் படையலிடும் நம் பொது வீட்டின் வேலை முடிந்தது. வரவு செலவுக் கணக்கைத் தனியே இணைத்திருக்கிறோம். செலவு மதிப்பீட்டைத் தாண்டியது உண்மை. நேரில் கேட்டவர்களுக்கும், கேட்காமல் தமக்குள் பேசிக்கொண்டவர்களுக்கும் இதுவே பதில்.

வம்பு தொடங்கியது முகப்புச் சுவரில். ஒப்பந்தக்காரரிடம் பேசியிருந்தது சுண்ணாம்புப் பூச்சு. குழுவினர் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் ஒரு பக்கம் முழுக்கச் சிமெண்டைப் பூசிவிட்டார். உறுதியாகத்தானே இருந்தது, ஏன் உடைத்தீர்கள் என்கிறார்கள். நம் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. அடியிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். சிமெண்டால் அடைத்தால் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லே மாவாக உதிரும். உடைத்த கூலியும் நம் தலையில்தான் விழுந்தது. அவரோ சாரத்தைக் கழற்றிக்கொண்டு போய், முழுத் தொகையும் வேண்டும் என்றார். பெரியவர்களை வைத்துப் பேசி, செய்த வேலைக்கு மட்டும் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தோம்.

பிறகு பழைய பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, அடுக்கடுக்காகப் பூசினார். ஓர் அடுக்கு காய்ந்தால்தான் அடுத்தது. நடுவில் ஐப்பசி மழை வேறு. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். படைப்பு வீட்டில் முட்டையா என்று ஓர் அண்ணன் கடிதம் எழுதினார். அவர் சிறுவயதில் சாய்ந்து தூங்கிய வளவுச் சுவரும், அதாவது உள்முற்றத்துச் சுவரும், நம் பாட்டனார்களான ஐயாக்கள் அப்படிப் பூசியதுதான்.

கழற்றிய பர்மாத் தேக்குச் சட்டங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன என்ற பேச்சு எங்கள் காதுக்கும் வந்தது. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் எண் போட்டு அடுக்கியிருக்கிறோம். வந்து எண்ணிக்கொள்ளலாம்.

ஓடு மாற்றியாயிற்று. மின்கம்பி புதிது. கிணறு தூர்வாரப்பட்டது.

இடித்துவிட்டு மண்டபம் கட்டியிருக்கலாம் என்பவர்களுக்கு: 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ஐயாக்கள் அங்கே போட்ட முதல் போய்விட்டது, மிஞ்சியது இந்த வீடு. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நிற்கும் வரிசையில் ஒரு வீட்டைப் பிடுங்கினால் இரண்டு தெருவும் பொக்கையாகும்.

உபயம்: முகப்பு நிலைக்கதவு – பினாங்கு அண்ணன் பிள்ளைகள்; முற்றத்துத் தூண்கள் – கோயம்புத்தூர்ப் பங்காளிகள்; விளக்குகள் – சென்னைத் தம்பி; கொத்தனார்களுக்குச் சாப்பாடு – மேலத்தெரு ஆச்சி; பட்டாலைக் கூடத்துக்கு ஆத்தங்குடித் தரைக்கல் – வரி கொடுக்கும் குடும்பங்களின் புள்ளிக் கணக்கில் சேராத நம் பெண்மக்கள். கேட்காமலே கொடுத்தவர்கள் இவர்கள்.

புள்ளி வரி பாக்கி உள்ளவர்கள் தைப் பொங்கலுக்குள் செலுத்தினால் கொத்தனாரின் மீதிக் கூலியைக் கொடுத்துவிடலாம். அடுத்த குழுவுக்குப் பெயர் தருவோரும் அப்போதே தரலாம். சாவிக்கொத்தை அன்றே ஒப்படைத்துவிடுகிறோம்.

திருப்பணிக் குழுவினர்