1997-ல் மூடிய கிளப்புக்குக் கட்டணம் வசூலித்தது பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பிரிட்டன் சுற்றுலாவின் மான்செஸ்டர் பகுதி – கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டல்

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பிரிட்டன் சுற்றுலாவில் நானும் என் மனைவியும் கடந்த ஜூன் மாதம் போய் வந்தோம். லண்டன், எடின்பரோ பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்தக் கடிதம் மான்செஸ்டருக்காக மட்டும். கோவையில் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவனுக்கு அசல் மான்செஸ்டரைப் பார்க்கும் ஆசை இருக்காதா? மற்ற நிறுவனங்கள் அந்த ஊரில் கால்பந்து மைதானத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள்தான் "பகலில் பஞ்சாலை வரலாறு, இரவில் இசையும் கொண்டாட்டமும்" என்று அச்சடித்திருந்தீர்கள். அதை நம்பித்தான் கூடுதல் பணம் கட்டினேன்.

பெரிய விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கையேட்டில் "உலகப் புகழ்பெற்ற ஹசியெண்டா கிளப்பில் ஓர் இரவு, வரவேற்பு பானத்துடன்" என்று இருக்கிறது. தலைக்கு 45 பவுண்டு. அன்று மாலை எங்கள் குழுவில் இருந்த எல்லோரும் நல்ல உடை உடுத்தி, சென்ட் அடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். விட்வொர்த் தெரு மேற்கில் பஸ் நின்றது. எதிரே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் வீட்டு எண்களோடு அழைப்பு மணிப் பொத்தான்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று உங்கள் டூர் மேனேஜர் தடவிக்கொண்டிருக்கும்போதே, மளிகைப் பையோடு உள்ளே போக வந்த ஒருவர் "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். கிளப்புக்கு வந்திருக்கிறோம் என்று சொன்னோம். அந்த மனிதர் பாவம், சிரிக்காமல் இருக்க ரொம்பவே கஷ்டப்பட்டார்.

ஹசியெண்டா 1982 மே மாதம் திறந்தது. 1997-ல் மூடிவிட்டார்கள். அப்புறம் கட்டடத்தையே இடித்துவிட்டு வீடுகள் கட்டினார்கள். பெயரை மட்டும் குடியிருப்புக்கு வைத்துக்கொண்டார்கள். இது ஒன்றும் ரகசியம் இல்லை, அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டூர் மேனேஜர் உங்கள் அலுவலகத்துக்கு போன் போட்டுப் பேசிவிட்டு, "சரி, எல்லோரும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அதன் பிறகு ஒரு பஃபே சாப்பாடு, நேராக ஓட்டல். இரவு எட்டு மணிக்கு அறைக்குள் இருந்தோம். ஜூன் மாதம் அங்கே சூரியன் மறையவே ஒன்பதரை தாண்டும். ஆக, உங்கள் இரவுக் கொண்டாட்டம் வெயில் அடிக்கும்போதே முடிந்துவிட்டது. நார்தர்ன் குவார்ட்டரில் இசை அரங்குகள் இருக்கின்றன, கால்வாயை ஒட்டிய கனால் தெருவில் கூட்டம் அலைமோதுமாம். இவற்றில் ஒன்றையாவது காட்டியிருக்கலாம்.

நாங்களாகப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. "நகர மையத்தில் ஓட்டல்" என்று எழுதிவிட்டு, மையத்திலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தள்ளி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்க வைத்தீர்கள்.

மறுநாள் ஹாலே இசைக்குழுவின் கச்சேரி, இடம் ஃப்ரீ டிரேட் ஹால் என்று போட்டிருந்தது. ஹாலே குழு 1996-லேயே பிரிட்ஜ்வாட்டர் ஹாலுக்கு மாறிவிட்டது. ஃப்ரீ டிரேட் ஹால் இப்போது நட்சத்திர ஓட்டல். 1819-ல் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப் படையை ஏவிய பீட்டர்லூ படுகொலை நடந்தது அந்த இடத்தைச் சுற்றித்தான். அதையாவது நின்று சொல்லியிருக்கலாம். பஸ் நிற்கவே இல்லை.

எனக்கு மனம் விட்டுப்போனது அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில். 1830-ல் லிவர்பூலுக்கு ரயில் விட்ட பழைய ஸ்டேஷன் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. உள்ளே பஞ்சாலைப் பிரிவில் பழைய இயந்திரங்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின் ஓட ஆரம்பித்து, சல்லடைத் துணி மாதிரி பஞ்சு இறங்கிவரும் நேரத்தில், "டைம் ஆச்சு சார், ஷாப்பிங் மால் போகணும்" என்று டூர் மேனேஜர் என் தோளைத் தொட்டார். இந்தப் பயணமே அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். மாலில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்.

அந்த அருங்காட்சியகத்துக்கும் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துக்கும் சேர்த்து 'நுழைவுக் கட்டணம்' என்று ஒருவருக்கு 30 பவுண்டு ரசீதில் இருக்கிறது. வரவேற்பு மேசையில் டிக்கெட் எங்கே வாங்குவது என்று என் மனைவி கேட்டதற்கு, அங்கிருந்த பெண் நன்கொடைப் பெட்டியைக் காட்டினார். இரண்டுக்குமே நுழைவு இலவசம்! அந்த 30 பவுண்டு யாருக்குப் போனது?

திரும்பி வந்ததும் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்தேன். "பயணத் திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது சார்" என்று பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சியைப் புதன்கிழமைக்குத் தள்ளினால் அது மாறுதல். இடித்துத் தள்ளிய கட்டடத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று பணம் வாங்குவதை வேறு பெயரில்தான் சொல்ல வேண்டும். அடுத்த சுற்றுலாவில் 5,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார்கள். வேண்டாம். கையேட்டின் மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கும் படமே லிவர்பூல் துறைமுகம் என்பதை இப்போதுதான் கவனித்தேன். உங்களில் யாராவது அந்த ஊருக்குப் போயிருக்கிறீர்களா?

நான் கேட்பது இதுதான். கிளப், கச்சேரி, நுழைவுக் கட்டணம் என்று எங்கள் இருவரிடமும் வாங்கிய தொகை முழுவதையும், ஓட்டல் வாடகையில் உள்ள வித்தியாசத்தையும் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும். கையேட்டிலிருந்து அந்தப் பக்கத்தை நீக்க வேண்டும். அடுத்த குழுவும் அதே வாசலில் போய் நிற்க வேண்டாம். கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் ஆகியவற்றுக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். உங்கள் தலைமையகம் எங்கே இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ரசீது, கையேட்டின் பக்கங்கள், குடியிருப்பு வாசலில் குழுவோடு எடுத்த போட்டோ ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)