ஊருணிக் கரையில் வேலை பார்த்தவர்களுக்கு நன்றி

ஊரில் இருப்பவர்களுக்கும் வெளியூரிலிருந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

வீட்டுக்கு வீடு குழாய் வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. அதில் பெரும்பங்கு பாத்திரம் கழுவி, துணி துவைத்து, குளித்து வெளியேதானே போகும்? அந்தக் கணக்கை எங்கள் தெருவில் யாரும் போடவில்லை. சாக்கடை நிரம்பி ஊருணியில் இறங்கியது. ஆகாயத்தாமரை மூடிக்கொண்டது. கொசுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இப்போது அந்தத் தண்ணீர் வண்டல் தொட்டியில் தங்கி, கல்வாழை நட்ட ஜல்லிப் படுகைக்குள் புகுந்து வடிந்த பிறகே ஊருணிப் பக்கம் போகிறது. வேலை செய்தவர்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம் என்றோம், வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால்தான் இந்த மடல், பெயர் போடாமல்.

முதலில் கொத்தனார் அண்ணன். மோட்டார் வைத்தால் கரண்ட் பில் யார் கட்டுவது என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. அவர் தண்ணீர் நிரப்பிய டியூபைத் தெரு நெடுக இழுத்துக்கொண்டு போய், வீட்டுக்கு வீடு சுவரில் கரிக்கோடு போட்டு மட்டம் பார்த்தார். "வாட்டம் இருக்கு, தண்ணி தானா ஓடும்" என்றார். ஓடுகிறது.

கக்கூஸ் தொட்டியின் குழாயைச் சாக்கடையில் விட்டிருந்த வீடுகளை ஒன்றிய ஓவர்சியர் விடவே இல்லை. குளியல், சமையல் தண்ணீர் மட்டும்தான் இந்தப் படுகை தாங்கும் என்று கறாராக நின்றார். அன்று அவரைத் திட்டியவர்கள் சார்பிலும் நன்றி. படுகை அமைந்த இடம் புறம்போக்குதான். ஆனாலும் வைக்கோல் போரை முகம் சுளிக்காமல் நகர்த்திக் கொடுத்த பெரியப்பாவுக்கும் நன்றி.

நூறு நாள் வேலை அக்காமார் ஜல்லியைச் சலித்து, கழுவிக் கழுவிப் போட்டார்கள். ஜல்லியை எதற்குக் கழுவுவது என்று சிரித்தவர்கள் உண்டு. தூசியோடு கொட்டினால் சேறு படிந்து படுகையே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கல்லுக்கு மேலே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஓட வேண்டும். அப்போதுதான் கொசு முட்டையிட இடமிருக்காது, கல்லிலும் வேரிலும் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். (தெளிவாக இருக்கிறதே என்று யாரும் குடித்துப் பார்க்க வேண்டாம். தென்னைக்கு விடலாம்.)

அப்புறம், தூய்மைக் காவலர் அத்தை. தினமும் காலையில் கம்பி வலையில் சிக்கியதை அள்ளுபவர் அவர்தான். ஷாம்பு பாக்கெட், முடிக்கற்றை, சோற்றுப் பருக்கை, என்றோ ஒரு நாள் ஒரு கொலுசு. அதையும் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வராத வாரம் தண்ணீர் திரும்பித் தெருவுக்கே வந்துவிட்டது. என்னைக் கேட்டால் இந்தத் திட்டமே அவர்தான். அவருக்குக் கையுறையும் பூட்ஸும் அனுப்பிய சிங்கப்பூர் தம்பிகளுக்கு நன்றி. ஒரு ஜோடி கிழிந்துவிட்டது, இன்னொன்று வேண்டும்.

ஜனவரி 26 கிராம சபையில் அத்தையின் சம்பளத்தை உயர்த்தக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவருகிறோம். கையெழுத்துப் போட எல்லோரும் வாருங்கள். அதுவரை எண்ணெய்ச் சட்டியைத் துடைத்துவிட்டுக் கழுவினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அன்புடன்,
ஊருணித் தெருக்காரர்கள்