ஒரே நாளில் கண்டியைக் காட்டி முடிக்கும் கல்விச் சுற்றுலாக்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் கண்டிக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர், தாம் பார்த்தது என்னவென்று அறியாமலேயே வீடு திரும்புகின்றனர். பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன், அத்தகைய பயணங்களில் பிள்ளைகளோடு சென்று வந்தவன் என்ற முறையில், இக்குறையை அதிபர்கள், வலயக் கல்வி அலுவலகத்தினர், தொல்பொருள் துறையினர் ஆகியோரின் கவனத்துக்குத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கொண்டுவர விரும்புகிறேன்.

பொகவந்தலாவை, மஸ்கெலியா, இராகலை போன்ற இடங்களிலிருந்து புறப்படும் பஸ்கள் விடியுமுன்பே கிளம்பிவிடுகின்றன. பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை, வாவி, பஹிரவகந்த புத்தர் சிலை, நேரம் கிடைத்தால் பின்னவல யானைகள் என்று அத்தனையையும் அன்றைய பொழுதுக்குள் முடித்துவிட வேண்டும் என்பதே பயண ஏற்பாடாக இருக்கிறது. பூங்கா மட்டுமே 147 ஏக்கர். அதில் பாதியைக்கூட நடந்து பார்க்குமுன் விசில் ஊதி பஸ்ஸுக்கு அழைக்கிறார்கள். பின்னர் கட்டம்பே சந்தியின் வாகன நெரிசலில் அரைமணி, முக்கால்மணி நேரம் என்று வீணாகிறது. மாளிகையின் வரிசையில் நின்று உள்ளே போய் வெளியே வருவதற்குள் பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள். இப்பயணத்துக்கான பணத்தைத் தோட்டத்துப் பெற்றோர் நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டுகிறார்கள் என்பதை நினைக்கும்போது, அந்த ஒரு நாளை இவ்வளவு அவசரமாகச் செலவழிப்பது மிகவும் வருத்தம் தருகிறது.

கண்டி வாவியையே எடுத்துக்கொள்வோம். கரையோரச் சுவருக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்தவுடன் வாவி பார்த்தாயிற்று என்று ஆகிவிடுகிறது. அது இயற்கையாக அமைந்த ஏரியன்று. வயலாகக் கிடந்த தாழ்நிலத்தில் அணைகட்டி 1807ஆம் ஆண்டில் அதை உருவாக்கியவர் கண்டி இராச்சியத்தின் கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட அவர் நாயக்கர் குலத்தவர். பிள்ளைகள் சாய்ந்து நின்று படம் எடுக்கும் அந்தச் சுவர்தான், மேகத்தின் விளிம்பைப் போல் ஏறியிறங்கிச் செல்லும் மேக மதில். அதன் முக்கோணத் துளைகள் விளக்கேற்றி வைப்பதற்கென விடப்பட்டவை என்று சொன்னால் போதும், எந்தப் பிள்ளையும் விரலை விட்டுப் பார்க்கும். மதில் இடையில் ஏன் நின்றுபோயிற்று என்று அடுத்த கேள்வி தானாக வரும். வேலை முற்றுப்பெறுமுன் அரசே கவிழ்ந்துவிட்டது. வாவிக்கும் மாளிகைக்கும் குடிமக்களை வேலை வாங்கிய விதம், அரசர்மீது பிரதானிகளும் சனங்களும் கொண்ட மனக்கசப்பைக் கூட்டியது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1815 பெப்ரவரியில் அரசர் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். மார்ச் 2ஆம் திகதி, மாளிகைக்கு அருகிலுள்ள அரச சபை மண்டபமான மகுல் மடுவவில், கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட அவர் அங்கேயே 1832இல் காலமானார். வெயிலுக்காகப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்கும் மகுல் மடுவவின் செதுக்குத் தூண்களுக்கிடையில்தான் இந்த நாட்டின் கடைசி முடியாட்சி கைமாறியது என்பதை அங்கேயே நிறுத்திச் சொல்ல எவருக்கும் நேரமில்லை.

மாளிகைக்கு எதிரிலும் பக்கத்திலுமாக அமைந்துள்ள தேவாலயங்களைப் பெரும்பாலான பயணக் குழுக்கள் கடந்து போய்விடுகின்றன. நாத தேவாலயம் கண்டி நகரில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடம். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் கல்வேலையில் தென்னிந்தியச் சாயல் தெளிவாகத் தெரியும். விஷ்ணு, கதிர்காமம், பத்தினி ஆகிய மற்ற மூன்று தேவாலயங்களின் தெய்வங்களும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்நியமானவை அல்ல. கதிர்காமத் தெய்யோ என்று சிங்கள மக்கள் கும்பிடுவது நமது முருகனை. பத்தினி தெய்யோ நமது கண்ணகி. எசல பெரஹராவில் தலதா மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின்னால் இந்நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் வரிசையாக வருவதைத் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் பார்க்கும் பிள்ளைக்கு, அந்தத் தேவாலயங்கள் இவைதான் என்று காட்டிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். சைவ மரபில் வந்த கண்டி அரசர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனே 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை வரவழைத்து, இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் உயர்நிலைத் துறவறச் சடங்கை, மீண்டும் நிலைநிறுத்தினார் என்பதையும் அந்த முற்றத்திலேயே சொல்லலாம். எந்தக் கோவில் யாருடையது என்று வழக்குப் பேசுவதற்காக இவற்றை எழுதவில்லை. ஒருவர் மரபை மற்றவர் தாங்கி நின்ற காலம் ஒன்று இந்த மலைநாட்டில் இருந்தது. அதற்குச் சான்றான கட்டடங்களின் முன்னால் நின்றுகொண்டே அதை அறியாமல் பிள்ளைகள் திரும்பிப் போகக்கூடாது என்பதே என் ஆதங்கம்.

கோட்டை எங்கே என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. காலியிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பதுபோன்ற கொத்தளங்கள் கண்டியில் இல்லை. மூன்று பக்கம் வளைந்தோடும் மகாவலியும், சுற்றியுள்ள மலைகளும், காட்டுப்பாதைகளை மறித்துக் கட்டிய முட்கதவுகளும்தான் அந்நகருக்கு அரணாக இருந்தன. போர்த்துக்கேயரும் கண்டிப் படையினரும் மாறி மாறிக் கைப்பற்றிய பலனைக் கோட்டையின் எச்சங்கள் கடுகண்ணாவைப் பக்கத்துக் குன்றில் உள்ளன. மாத்தளை நகரில், 1803ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது ஆங்கிலேயர் அமைத்து அதே ஆண்டில் கைவிட்டு ஓடிய மக்டவல் கோட்டையின் வாயிலும் சிறிது மதிலும் எஞ்சியிருக்கின்றன. உள்ளே இப்போது கல்லறைகள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதையும் பார்த்துவரலாம். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த நம் முன்னோர் மாத்தளை வழியாகத்தான் கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றார்கள் என்ற செய்தியும் அவ்விடத்தில் சொல்லவேண்டிய பாடம்.

ஆனால் என் மனத்தில் முதலிடம் பெறுவது, பிலிமத்தலாவையிலிருந்து தவுலகலப் பக்கமாகச் செல்லும் வழியில் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்துள்ள கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே ஆகிய மூன்று ஆலயங்களே. கம்பளை அரசு நிலவிய 14ஆம் நூற்றாண்டில் எழுந்தவை இவை. நுவரெலியாவிலிருந்தும் அட்டனிலிருந்தும் கண்டிக்கு வரும் பஸ்கள் இவற்றுக்கு வெகு அருகில் கடந்து போகின்றன. சற்று விலகிச் சென்றால் போதும். கடலாதெனியவைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. தமிழ்நாட்டுக் கோவிலொன்றின் மண்டபத்தில் நிற்கிறோமா என்று எண்ணும்படியான கல் தூண்களும், அடிப்பகுதியில் ஆடுவோரும் இசைப்போருமாகச் செல்லும் சிறு சிற்ப வரிசையும் அங்கே உள்ளன. உள்ளே இருப்பவர் புத்தர். ஒரு தென்னிந்தியச் சிற்பி பௌத்த விகாரையை எப்படிக் கட்டியிருப்பார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இந்நாட்டில் வேறெங்கும் கிடைப்பது அரிது.

லங்காதிலக விகாரை ஒரு பெரும் பாறையின்மேல் நிற்கிறது. ஒரு வாசல் வழியாகப் புத்தரையும், வெளிச்சுற்றில் விபீஷணர், கணபதி முதலிய தெய்வங்களையும் வணங்கும்படி ஒரே கட்டடத்தை அமைத்திருக்கிறார்கள். அந்தப் பாறையில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளில் ஒன்று சிங்களத்திலும் மற்றொன்று தமிழிலும் உள்ளது. விகாரைக்கு வழங்கப்பட்ட நிலங்களையும் கொடைகளையும் அவை பதிவு செய்கின்றன. காலைவெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் தங்கும். அப்போது குனிந்து பார்க்கும் பிள்ளைகள், வாசிக்கத் தெரியாவிட்டாலும், தமக்குப் பழக்கமான எழுத்துகளில் ஒன்றிரண்டைத் தாமாகவே கண்டுபிடித்துக் கூவுவார்கள். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன், ஓர் அரசின் ஆவணம் இதே மலைநாட்டில் நமது மொழியிலும் எழுதிவைக்கப்பட்டது என்பதை, இரு நூறு ஆண்டுகளுக்கு முன்புதான் இந்த மலைகளுக்குத் தமிழ் வந்தது என்று கேட்டே வளரும் பிள்ளை அறிந்துகொள்வது சிறிய விடயமன்று. தோட்டத் தொழிலாளராக நாம் வந்த வரலாறு வேறு, அந்தக் கல்வெட்டின் வரலாறு வேறு என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் குழப்பாமல் சொல்லிக்கொடுப்பதுதான் ஆசிரியரின் வேலை. போகிறவர்கள் காலையிலேயே போகவேண்டும். காலணியைக் கழற்றிவிட்டு ஏறவேண்டிய அந்தப் பாறை நண்பகலில் சிறு பிள்ளைகளின் பாதம் தாங்காத அளவுக்குச் சுடும்.

எம்பெக்கேயில் இருப்பது மரவேலை. முருகனுக்குரிய அத்தேவாலயத்தின் முன்மண்டபத் தூண்களில் மல்லர்கள், இரட்டைத் தலைக் கழுகு, கழுத்துகள் பின்னிய அன்னங்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத செதுக்கல்கள். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒரே ஒரு மர ஆணியில் வந்து பொருந்தி நிற்பதை அண்ணாந்து எண்ணிப் பார்க்கச் சொன்னால் கணித ஆசிரியரும் மகிழ்வார், தச்சு வேலை தெரிந்த தகப்பனின் பிள்ளையும் மகிழ்வான்.

இவற்றை யார் விளக்குவது என்ற கேள்வி வரும். ஒருமுறை இப்பகுதியின் பழைய ஆலயமொன்றுக்கு நாங்கள் சென்றிருந்தபோது, அங்கிருந்த வழிகாட்டி அன்பானவர்தான். ஆனால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே விளக்க முடிந்தது. எங்களில் ஒருவர் மொழிபெயர்க்க, பின்வரிசைப் பிள்ளைகளின் காதில் எதுவும் விழவில்லை. வேறோர் இடத்தில் தமிழில் எழுதிய அறிவிப்புப் பலகை இருந்தது. எழுத்துப்பிழைகளால் வாக்கியத்தின் பொருளே மாறியிருந்தது. தமிழும் அரசகரும மொழியாகும் என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதிவைத்து இத்தனை காலம் ஆன பிறகும், ஒரு பலகையை எழுதி முடித்தபின் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கும் நடைமுறை ஏற்படவில்லை என்பது கவலைக்குரியது. இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. கண்டி மாவட்டத்தில் தமிழ் ஆசிரியர்களுக்குப் பஞ்சமும் இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை நாடு முழுவதற்குமான வழிகாட்டிகளுக்கு மட்டுமன்றி, ஒரு பிரதேசத்துக்கோ ஒரு தலத்துக்கோ உரிய வழிகாட்டிகளுக்கும் அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. உயர்தரத்தில் வரலாறோ இந்து நாகரிகமோ படித்துவிட்டு, கொழும்புக் கடைகளில் வேலை தேடிப் போகும் நம் தோட்டத்து இளைஞர்களிலும் யுவதிகளிலும் சிலராவது இப்பயிற்சிக்கு முன்வரவேண்டும். மும்மொழியும் ஓரளவு பேசக்கூடியவர்கள் அவர்களில் பலர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் சீதாஎலியாவுக்கும் வரும் யாத்திரிகர்கள் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் தேடுகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, இவர்களுக்கும் அத்தகையோர் தேவை. பிரதேச சபைகளும் தோட்டப்புற இளைஞர் மன்றங்களும் விண்ணப்ப விபரங்களைத் தமிழில் ஒட்டிவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதிபர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு பயணத்தில் இரண்டு பகுதிகளுக்கு மேல் வேண்டாம். காலையில் லங்காதிலகவும் எம்பெக்கேயும், பிற்பகலில் வாவியும் மாளிகைச் சூழலும் என்றால் ஒரு நாள் நிறைந்துவிடும். பேராதனைப் பூங்காவுக்கு வேறோர் ஆண்டில் போகலாம். அது எங்கும் ஓடிவிடாது. யானை பார்க்காமல் பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள் என்று சில ஆசிரியர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை, அதற்கென்று தனியாக ஒரு பயணம் வைக்கலாம். தலதா மாளிகைக்குப் போகும் நாளில் முழங்காலும் தோளும் மூடிய உடை அணிந்து வரவேண்டும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக்கூடாது என்பவற்றை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட்டால், வாசலில் நின்று பிள்ளைகள் தலைகுனிய நேராது.

கல்விச் சுற்றுலாவுக்கு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி பெறவேண்டும் என்பது விதி. பஸ்ஸின் காப்புறுதி, உடன்செல்லும் ஆசிரியர் எண்ணிக்கை, பெற்றோரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றை அலுவலகம் கேட்கிறது, கேட்கவும் வேண்டும். அவற்றோடு, செல்லவிருக்கும் ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் மாணவருக்கு முன்கூட்டியே நடத்திய பாடத்தின் குறிப்பு ஒரு பக்கமாவது இணைக்கப்பட வேண்டும் என்று வலயக் கல்விப் பணிப்பாளர்கள் அடுத்த தவணை முதல் நிபந்தனை விதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அக்குறிப்புகளில் நன்றாக அமைந்தவற்றைத் திரட்டி, ஏனைய தோட்டப் பாடசாலைகளுக்கும் படியெடுத்து அனுப்பினால், தனியாக நூல் அச்சிடக் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கம்பளை.