எழுநூறு வெள்ளிக் கயாக்கும் நாலாயிரம் வெள்ளிச் செலவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். என்னுடன் பணிபுரியும் இளையர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். துடுப்பு வலித்துச் செல்லும் சிறிய கயாக் படகு ஒன்று, பழையது, 700 சிங்கப்பூர் வெள்ளிக்குக் (டாலருக்கு) கிடைக்கிறது, கையில் ஆயிரம் வெள்ளி இருந்தால் வார இறுதியில் மீன்பிடிக்கப் போய்விடலாம் அல்லவா என்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே விலைக்கு ஒரு கயாக்கை வாங்கினேன். முதலாண்டு முடிவில் செலவுகளை எழுதிவைத்திருந்த நோட்டுப்புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தபோது தொகை 4,000 வெள்ளியைத் தாண்டியிருந்தது. சிங்கப்பூரில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால், அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வந்தது இடப் பிரச்சினை. என் கயாக் 3.2 மீட்டர் நீளம், ஏறக்குறைய 27 கிலோ எடை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கிக்குள் அது நுழையவில்லை. நானும் என் மகனும் அதை நான்காம் மாடிவரை படிக்கட்டில் சுமந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடிக் கம்பிக்கு மேலே தூக்கித் திருப்ப வேண்டியிருந்தது. பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. எங்கள் நடைபாதை அதற்கு இடம் கொடுக்கவில்லை, வீட்டுக்குள்ளோ கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. மூன்றாம் வாரமே மாதம் 60 வெள்ளி வாடகைக்குக் கரையோரம் ஓர் இடம் பிடித்தேன். ஓராண்டு வாடகை 720 வெள்ளி. படகின் விலையைவிட அது இருந்த இடத்தின் விலை அதிகம்.

வேறு கரைகளுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கார் தேவை. கார் வைத்திருக்க ஏலத்தில் பெறவேண்டிய சிஓஇ எனும் உரிமைச் சான்றிதழுக்கு, சிறிய கார்களுக்கான கட்டணமே 2023இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊர் இது. அதைக் கயாக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை என்றாலும், கார் இல்லாதவருக்கு ஒரே கரைதான் வாய்க்கும் என்பதை வாங்கும் முன்பே அறிந்திருப்பது நல்லது. கார் உள்ளவரும் கூரைமேல் பொருத்தும் சட்டத்துக்கும் வார்களுக்கும் செலவழிக்க வேண்டும். எனக்கு 380 வெள்ளி ஆயிற்று. காற்றடைக்கும் கயாக்கை டாக்சியிலேயே கொண்டுபோகலாம். ஆனால் தூண்டில் முள்ளும் மீனின் முள்ளும் அதற்குப் பகை என்பதால் நான் அதை நாடவில்லை.

தூண்டில்களுக்கும் நரம்பைச் சுற்றும் ரீல்களுக்கும் எவ்வளவு ஆகும் என்பது அவரவர் ஆசையைப் பொறுத்தது. நான் இரண்டு செட்டுக்கு 420 வெள்ளி கொடுத்தேன். செயற்கை இரையும் தூண்டில் நரம்பும்தான் ஓயாமல் பணம் கேட்பவை: பாறையிலும் மூழ்கிக் கிடக்கும் பழைய கயிறுகளிலும் சிக்கி அறுந்துபோகும் ஒவ்வோர் இரையும் 15, 20 வெள்ளி. மீன் காட்டும் கருவிக்கும் அதன் பேட்டரிக்கும் 560 வெள்ளி கொடுத்தது அவசரம் என்று இப்போது நினைக்கிறேன். நீரோட்டத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கு அந்தத் திரை பெரிதாக எதையும் சொல்லிவிடாது. மின்மோட்டார் பொருத்த நினைப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மோட்டார் ஏறியதும் அது விசைப்படகாகிவிடுவதால், படகுக்கும் ஓட்டுபவருக்கும் தனித்தனியே உரிமம் தேவைப்படும்.

புதியவர்கள் சிக்கனம் பார்ப்பது பெரும்பாலும் பாதுகாப்புச் சாதனங்களில்தான் என்பதே என் பெருங்கவலை. நானும் அப்படித்தான் செய்தேன். உயிர்காப்பு அங்கிக்கு 130 வெள்ளி கொடுத்த நான், துடுப்பைப் படகோடு பிணைக்கும் 12 வெள்ளிக் கயிற்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு ஜூன் மாத விடியலில், பாசிர் ரிஸ் கரையிலிருந்து சுமார் நானூறு மீட்டர் தொலைவில், மீனை இழுப்பதற்காகத் துடுப்பை மடிமேல் வைத்திருந்தேன். மேற்கு வானம் கறுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்; ஆனால் அது எத்தனை விரைவில் வந்து சேரும் என்பது எனக்குத் தெரியாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதிகாலையில் அடிக்கடி வீசும், சுமத்ரா தீவுப் பக்கமிருந்து மழையோடு வரும் சுமத்ராக் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம்கூட எட்டும். முதல் வீச்சிலேயே படகு பக்கவாட்டில் திரும்பியது. துடுப்பு நழுவி, நான் எட்டிப் பிடிக்குமுன் இரண்டு படகு தூரம் போய்விட்டது. மழையில் கரை மறைந்தது. கைகளால் நீரைத் தள்ளிக்கொண்டே அடித்துச் செல்லப்பட்ட என்னை, அருகிலிருந்த மீன்பண்ணைத் தொழிலாளர்கள் கயிறு வீசி இழுத்துக்கொண்டார்கள். அவர்கள் கொடுத்த சூடான தேநீரைப் பிடிக்க முடியாமல் என் விரல்கள் நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை.

எல்லாருக்கும் அப்படி ஒரு கயிறு வந்து விழுவதில்லை. 2019 ஆகஸ்ட்டில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், கயாக்கில் சென்ற சிங்கப்பூரர் இருவர் தங்கள் குழுவிலிருந்து பிரிந்து காணாமற்போனார்கள். பல நாள் தேடலுக்குப் பின் வெகு வடக்கே, திரெங்கானு கடற்பகுதியில் அவர்களின் உடல்களே கிடைத்தன. அவர்கள் மீன்பிடிக்கச் சென்றவர்கள் அல்லர். எனினும் காற்றும் நீரோட்டமும் யார் எதற்காக வந்தார் என்று பார்ப்பதில்லை. ஆகவே அங்கி, துடுப்புக் கயிறு, விசில், வெள்ளை ஒளி விளக்கு, நீர் புகாத உறையில் கைப்பேசி, கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி வகுப்பு ஆகியவற்றுக்கான பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதில் படகு பார்க்க வேண்டும் என்று அந்த இளையரிடம் அழுத்திச் சொன்னேன்.

பணத்தில் அடங்காத செலவு நேரம். கடலின் நீரேற்றம் நம் விடுமுறையைப் பார்த்து வருவதில்லை. நான்கு மணிக்கு எழுந்து பதினொன்றுக்குக் கரை சேர்ந்தாலும், உப்பு படிந்த படகையும் ரீலையும் நன்னீரில் கழுவித் துடைத்து முடிக்க ஒரு மணி ஆகிவிடும். ஒரு முறை சோம்பியதற்கு ரீலின் பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உறவினர் வீட்டு நிகழ்ச்சிகளுக்கு என் மனைவி தனியாகவே போய்வந்தார். என் நோட்டுப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இல்லை, இருந்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நான் இதை விடவில்லை. முதல் கொடுவா மீன் தூண்டிலில் பட்டு, படகையே தன் பக்கம் இழுத்துச் சென்ற அந்த ஐந்து நிமிடங்களுக்கு நான் விலை வைக்க மாட்டேன். யாரையும் தடுப்பது என் எண்ணமன்று. குறைந்தது ஆறு மாதம் வாடகைப் படகில் சென்று பாருங்கள், பிறகு வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். கூடவே, கரையோரப் பூங்காக்களைப் பராமரிப்போர், மிதிவண்டிகளுக்கு நிறுத்துமிடம் அமைப்பதுபோல் கயாக்குகளுக்கும் பூட்டக்கூடிய அடுக்குகளை நியாயமான மாத வாடகையில் அமைத்துத் தரலாம். வாடகை பாதியாகக் குறைந்தால், ஆண்டுக்கு 360 வெள்ளி மிஞ்சும். நல்ல அங்கி, துடுப்புக் கயிறு, பயிற்சி வகுப்பு மூன்றுக்கும் அது போதும்.

இப்படிக்கு,
பாசிர் ரிஸ் வாசகர்