இரண்டடிப் பனி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூயார்க் பனிப்புயல் என்றாலே 'இரண்டடி பனி கொட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறீர்கள். மதுரையிலிருந்து அம்மா பதறிப்போய் போன் செய்கிறார். இங்கே நியூஜெர்சியின் எடிசனில் என் வாசலில் சொதசொதவென்று மழை. மேல்கோட்டில் விழும்போது வெள்ளை, தார்ச்சாலையைத் தொட்டால் தண்ணீர்.

அமெரிக்காவின் இந்தக் கிழக்குக் கடற்கரையில் பனியைக் கணிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. புயல் கரையை ஒட்டி வந்தால், வெதுவெதுப்பான கடற்காற்று உள்ளே புகுந்து பனியை மழையாக்கிவிடும். ரொம்ப விலகிப் போனால் பெரிதாக எதுவும் விழாது. 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நடந்ததைப் பாருங்கள். நியூயார்க்கில் இரண்டு, மூன்று அடி வரும் என்று சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். புயல் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போனது. சென்ட்ரல் பார்க்கில் பத்து அங்குலம்கூட இல்லை. அதே புயல் பாஸ்டனில் 24 அங்குலத்துக்கு மேல் கொட்டித் தீர்த்தது!

கணிப்பு தவறியதற்காக, இங்கே நியூஜெர்சியில் உள்ள மவுண்ட் ஹோலி வானிலை அலுவலகத் தலைவர் ட்விட்டரில் மன்னிப்பே கேட்டார். அவரைக் கேலி செய்தது அநியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன்.

இப்போது அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை குறைந்தபட்சம், எதிர்பார்ப்பது, அதிகபட்சம் என மூன்று அளவுகளை வெளியிடுகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது கடைசி எண் மட்டும்தான். சரி, அது வாட்ஸ்அப். நீங்களாவது மூன்றையும், எந்த ஊருக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஒரு வாசகி,
எடிசன், நியூஜெர்சி