டாலஸிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த செய்தியைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் படித்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே பெரியவன் வெயிலில் பேண்டு வாசிக்கப் போகிறானாமே, யார் வீட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் பள்ளிக்கூடங்களுக்கு இடையே ஃபுட்பால் மேட்ச் நடக்கும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். இடைவேளையில் பேண்டு பிள்ளைகள் மைதானத்தில் வாசித்தபடியே நடந்து, வட்டமும் வளைவுமாக அணி மாறிக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பழக்கத்தான் ஆகஸ்டில் இந்த பேண்டு கேம்ப். வெயில் 38, 39 டிகிரிக்குப் போகிறது. அதனால் காலையில் தார்த்தளத்தில் நடை, மத்தியானம் ஏசி அறையில் வாசிப்பு, சாயங்காலம் மறுபடி மைதானம்.

அவனுக்குக் கொடுத்திருப்பது சூசாஃபோன். சூசா என்ற அமெரிக்க பேண்டு மாஸ்டர் பெயரில் வந்த வாத்தியம். உடம்பைச் சுற்றிக்கொண்டு, வாய் மட்டும் தலைக்கு மேலே கல்யாண வீட்டு அண்டா போல நிற்கும். கனமோ பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. டிரம்பெட் என்றுதான் முதலில் கேட்டான். அதை நாமே வாங்க வேண்டும். இதைப் பள்ளிக்கூடமே கொடுக்கிறது. அதற்காக எடுத்துக்கொண்டான் என்று நினைக்காதீர்கள், அவனுக்கும் இதுதான் பிடித்துவிட்டது.

முதல் நாள் இடது தோள் கன்றிப்போய் வந்து, இனிமேல் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் காற்றடித்தபோது அந்த அண்டா அவனையே ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டதாம். ஆனால் நடையில் மட்டும் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. 5 கஜத்தை 8 தப்படியில் கடக்க வேண்டும். ஒவ்வொரு தப்படியும் 22½ அங்குலம். நீங்கள் தொடையில் தட்டிக் காட்டிய ஆதி தாளம் உள்ளே தானாக ஓடுகிறதாம். மற்ற பிள்ளைகள் எட்டு வரை எண்ணி எண்ணித் தவிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேனே, புல் வெட்டும் வண்டிக்குத் தினம் எண்ணெய் போடுகிறவர். அவரும் சிறுவயதில் இதே வாத்தியம்தானாம். டேப் வைத்து அளந்து, எங்கள் கார் நிறுத்தும் தளம் முழுக்க 22½ அங்குலத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருக்கிறார். ராத்திரி எட்டு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "குதிகால் முதலில்! குதிகால்!" என்று கத்துகிறார். காசில்லாத வாத்தியார்!

பெரியவனைக் கொண்டுவிடுவதும் கூட்டி வருவதும் உங்கள் மாப்பிள்ளைதான். இப்போது பகலிலும் வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கும் ஓய்வு கிடைத்து எத்தனை நாளாயிற்று! பேண்டு கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாம் என்றார்கள், பெரும்பாலும் எல்லோருமே அப்படித்தான் கட்டுகிறார்கள். பெற்றோர் முறைபோட்டுப் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றப் போகிறோம். நானும் போய் ஊற்றிவிட்டு வருகிறேன். பேச்சு அதிகம் இருக்காது.

கடைசி நாள் சாயங்காலம் பெற்றோருக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள், கட்டடத்துக்குப் பின்னால் டிரம் பிள்ளைகள் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமி எந்த முனை திரும்புகிறது, நம் வாசலுக்கு வர இன்னும் எவ்வளவு நேரம் என்று காது பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது அப்பா. இறங்கத் தோன்றாமல் கொஞ்ச நேரம் வண்டியிலேயே இருந்தேன். இந்த வருஷமும் தேருக்கு வர முடியாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அவன் நன்றாகத்தான் வாசித்தான். ஒரு இடத்தில் கொடிக்காரப் பெண்ணின் மேல் மோதப் பார்த்துச் சமாளித்துவிட்டான்.

இனி தோப்பு விஷயம். சித்தப்பா அவசரப்படுத்துகிறார் என்பதற்காக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். என் பங்குக்கான பவர் பத்திரத்தை ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகம் வழியாகச் சான்று வாங்கி அனுப்புகிறேன். அது உங்கள் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், தம்பியிடம் சொல்லிவையுங்கள். பாகப்பிரிவினைக்கு மட்டும்தான் அதிகாரம், விற்பதற்கு இல்லை என்று வரைவில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைத்து அனுப்பியிருக்கிறேன், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அம்மாவின் சொட்டு மருந்தை இந்த மாதப் பணத்திலிருந்து முதலில் வாங்கிவிடுங்கள். பத்திர எழுத்தருக்கு அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் அன்பு மகள்